செட்டிநாட்டு வீட்டை ஊர்ப் பொதுவுக்குத் திறப்பதற்கு முன்: மீட்டெடுப்பின் அரிச்சுவடி

ஐப்பசி மழையில் கூரையின் ஓடு ஒன்று விரிசல் விடுகிறது. முதல் வருடம் யாருக்கும் தெரியாது. சொட்டுகிற நீரை அடியில் இருக்கும் மரம் குடித்துக்கொள்ளும். அடுத்த மழைக்கு அந்த இடத்துக் கைமரம் கறுக்கும். ஈரம் கண்ட மரத்தைத் தேடிக் கரையான் வரும். கைமரம் தளர்ந்தால் மேலே கிடக்கும் ஓடுகள் சரியும், ஒரு ஓடு போன இடம் ஒரு முழ அகலத்துக்கு வாய் திறக்கும். பிறகு தண்ணீர் நேராகச் சுவர்த்தலையில் இறங்கி, உத்திரம் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் முனையை நனைக்கும். உத்திரத்தின் முனை உளுத்துவிட்டால் மேல்தளம் தாங்காது. நூறு வருடம் நின்ற வீடு பத்துப் பதினைந்து மழைக்காலத்தில் படுத்துவிடுவதற்கு இந்த ஒரு வழியே போதும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு ஊர்களில் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. இந்தப் பகுதியின் வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா வரை போய் வணிகம் செய்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை கட்டிய வீடுகள் இவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பணவரத்தை அறுத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போயின. பல வீடுகள் கழற்றி விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் நிலைகளும் தூண்களும் ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீட்டின் உறுப்புகள்தான். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் பெயர் இருப்பதால் கூரை ஒழுகுவது நிற்காது.

மிஞ்சிய வீடுகளில் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. அது ஒரு வழி. ஊரே பயன்படுத்தும் இடமாக, அதாவது படிப்பகம், கைத்தொழில் பயிற்சிக்கூடம், முதியோர் பகல் கூடம், சிறு நிகழ்ச்சிக் கூடம் என மாற்றுவது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. கட்டடத் தொழில் தெரியாத, ஆனால் ஊரில் அப்படி ஒரு வீட்டைக் காப்பாற்ற நினைக்கும் குழுவுக்காக எழுதியது.

மீட்டெடுப்பு என்றால் என்ன

பழைய வீட்டைப் புதிது போல ஆக்குவது மீட்டெடுப்பு அல்ல. இருப்பதை இருக்கிறபடி நிலைநிறுத்தி, கெட்டதை மட்டும் அதே தன்மையுள்ள பொருளால் சரிசெய்து, அதற்கு மேல் கைவைக்காமல் விடுவதுதான் மீட்டெடுப்பு. தேவையான அளவுக்குச் செய், முடிந்தவரை குறைவாகச் செய் என்பது மரபு இடங்களைக் காப்பதற்காக ஆஸ்திரேலியாவில் 1979இல் வகுத்த பர்ரா சாசனத்தின் அடிப்படை. அதற்கு முன்பே, 1964இல் வந்த வெனிஸ் சாசனம், ஒரு பழைய கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும் காரியத்துக்கு விடுவது அதைக் காப்பதற்கு உதவும் என்று சொல்லி, அதற்காகக் கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்று எல்லையும் போட்டது.

இந்த எல்லையை நடைமுறையில் இப்படிப் புரிந்துகொள்ளலாம்: என்ன காரியத்துக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டு வீட்டை அதற்கேற்ப வளைக்கக் கூடாது. வீடு எதைத் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற காரியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதியில் நிற்கும் வேலைகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

கையெழுத்து

வேலைக்கு முன் காகிதம். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் தந்தை வழியில் பல புள்ளிகளாக, அதாவது தனிக் குடும்பங்களாகப் பிரிந்த பங்காளிகளுக்குப் பொதுவானவை. வளவை, அதாவது முற்றம் வைத்த நடுக்கட்டைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றெனப் பிரிந்திருக்கும். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. மூன்று தலைமுறை கடந்தால் பங்குதாரர் முப்பது நாற்பது பேர் ஆகிவிடுவது சாதாரணம். மகள்களின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தங்களுக்குப் பிறகு, "ஆண் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாச்சு" என்பது போதாது. விடுபட்ட ஒருவர் ஐந்து வருடம் கழித்து வழக்குப் போட்டால், ஊர்ப் பணத்தில் செய்த வேலை அத்தனையும் அந்தரத்தில் நிற்கும்.

வீட்டை விலைக்கு வாங்குவது பெரும்பாலும் நடக்காது. நீண்ட காலக் குத்தகைதான் நடைமுறையில் வரும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தம் செல்லாது. குத்தகைக்கு எடுப்பது தனி ஆளாக இல்லாமல், 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கட்டும். மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பங்காளிகள் படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) போன்றவற்றுக்கு வருடத்தில் எத்தனை நாள் வீட்டைத் திரும்பக் கேட்கலாம், வீட்டிலிருந்து எந்தப் பொருளையும் யாரும் எடுத்துப் போகக் கூடாது, குத்தகை முடியும்போது செய்த வேலைக்கு என்ன கணக்கு. சாமி வீடு எந்த அறை, அதன் சாவி யாரிடம் என்பதையும் எழுதிவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, இந்த மாதிரி விஷயங்களால்தான்.

வீட்டைப் படிப்பது

ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். சித்திரையில் பார்த்தால் எல்லாச் சுவரும் காய்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். கார்த்திகையில் குடையோடு போய் நின்றால்தான் எந்த ஓடு ஒழுகுகிறது, எந்தத் தூம்பு அடைத்திருக்கிறது, எந்தச் சுவரில் எத்தனை அடிக்கு ஓதம் (சுவர் ஈரம்) ஏறுகிறது என்று தெரியும். சுவரில் ஓதத்தின் மேல் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தக் கோடுதான் உங்கள் வேலை பலித்ததா என்று சொல்லும்.

அதே சமயத்தில் ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுங்கள். முகப்பு, பட்டகசாலை என்னும் கூடம், வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசையாக அளந்து வரைபடம் போடுங்கள். தூண், நிலை, சன்னல் ஒவ்வொன்றையும் எண்ணோடு படம் பிடியுங்கள். வேலை நடக்கும்போது கழற்றிய ஒன்றைத் திரும்ப மாட்ட இந்தப் படங்கள் வேண்டும். ஒரு பொருள் காணாமல் போனால் அதற்கும் இவைதான் சாட்சி.

சுவரில் விரிசல் இருந்தால் பதற வேண்டாம். எழுபது எண்பது வருடத்துக்கு முன் அடித்தளம் இறங்கியபோது விழுந்த விரிசலாக இருக்கலாம்; அது அப்போதே ஓய்ந்திருக்கும். இன்னும் நகர்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அளவு சுண்ணாம்புச் சாந்தோ மெல்லிய கண்ணாடித் துண்டோ ஒட்டித் தேதி எழுதிவிடுங்கள். ஆறு மாதத்தில், ஒரு வெயிலும் ஒரு மழையும் கடந்த பிறகு, அது உடையாமல் இருந்தால் விரிசல் செத்த விரிசல், அடைத்துவிடலாம். உடைந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் வராமல் எதையும் தொடாதீர்கள்.

எந்த இடம் எதற்கு

இங்கே ஒரு கணக்கு தெரிய வேண்டும். இந்தியத் தரநிலைப்படி குடியிருக்கும் வீட்டின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்கினால் போதும். தரையில் பதித்த நிலையான இருக்கைகள் இல்லாமல் ஆட்கள் கூடும் கூடத்துக்கு அது 500 கிலோ. புத்தக அடுக்குகள் நிறைந்த நூலக அறைக்கு 600 கிலோவும் அதற்கு மேலும். நூறு வருடத்துக்கு முன் மேல்தளம் போட்ட ஆசாரி நூலகத்தை நினைத்துப் போடவில்லை. மேல்மாடியில் சுவரை ஒட்டி இரும்பு பீரோ வரிசை வைத்தால் உத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் தொய்யும். தளத்தில் மெல்லிய விரிசல் தெரியும்போது வேலை கெட்டிருக்கும்.

ஆகவே புத்தகம் கீழ்த்தளத்தில், தரை நேரடியாக மண்ணில் உட்கார்ந்திருக்கும் பட்டகசாலையில். கூட்டம் வளவில். நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு புறமும் தூண் நிறுத்திய தாழ்வாரம் என்பது கூட்டத்துக்கென்றே அமைந்த இடம். வெளிச்சமும் காற்றும் மின்விசிறி இல்லாமலே வரும். வளவைச் சுற்றியுள்ள சிறு அறைகளை ஒன்றாக்க நடுச்சுவரை இடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுவர்கள்தான் மேல்தளத்தைத் தாங்குகின்றன. அந்த அறைகள் தையல் பயிற்சிக்கும் கணினிக்கும் அலுவலகத்துக்கும் அப்படியே போதும். மூன்றாங்கட்டு ஏற்கெனவே சமையல் கட்டு. புகைபோக்கும் தண்ணீர் போக்கும் அங்கே உண்டு. மேல்மாடி பொதுமக்கள் ஏறாத இடமாக, ஆவணங்களும் ஒன்றிரண்டு பேரும் இருக்கும் இடமாக இருக்கட்டும். பூட்டியே வைத்தாலும் நஷ்டமில்லை.

முதல் வேலை தண்ணீர்

பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு வேலை செய்ய முடியும் என்றால் கூரையைச் செய்யுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்துத் திறப்புவிழா நடத்தினால் அடுத்த மழையில் அந்தப் பணம் கரைந்துவிடும்.

நாட்டு ஓட்டுக் கூரையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து போட்டு, நடுவில் மழை வந்தால் வீடு குளமாகிவிடும். ஒரு நாளில் மூடிவிடக்கூடிய அளவே பிரியுங்கள், பக்கத்தில் தார்ப்பாய் இருக்கட்டும். இறக்கிய ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று கேட்கும். நல்லதை எல்லாம் ஒரே சரிவில் சேர்த்துப் போட்டு, புதிய ஓடுகளைத் தெருவிலிருந்து பார்வைக்குப் படாத பின்சரிவில் போடுங்கள். ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் ஒழுகாது என்ற யோசனை வரும். கூரை மூச்சு விடாமல் ஈரம் மரத்திலேயே தங்கிவிடுவதால் அது வேண்டாம்.

தட்டையான மாடியாக இருந்தால் அது மெட்ராஸ் டெரஸ், நம் கொத்தனார்கள் சொல்லும் கட்டைக்குத்துத் தளம். மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகினால் மேலே சிமெண்ட் கான்கிரீட் ஊற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நான்கு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 240 கிலோ. தாங்க வேண்டிய சுமையைவிட அதிகமான எடையைச் சும்மாவே அதன் தலையில் ஏற்றுகிறோம். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, கெட்ட கலவையை அகற்றி, அதே சுண்ணாம்பு ஜல்லியைப் போட்டு மரக்கட்டையால் நாள்கணக்கில் இடித்து இறுக்குவதுதான் சரி. வாட்டம் கொடுக்க மறக்காதீர்கள். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருக்கட்டும்.

பிறகு தண்ணீர் போகும் வழி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். கூரைப் பரப்பு 400 சதுர மீட்டர், ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 20,000 லிட்டர் வந்து இறங்கும். அதில் பெரும் பங்கு நான்கு சரிவிலிருந்தும் வளவு முற்றத்தில் விழும். முற்றத்துத் தூம்பு அந்த நீரைத் தரைக்கடியில் கல்வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் கொண்டுபோகும்படி அந்தக் காலத்தில் அமைத்தார்கள். இப்போது தெருவில் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டதால் வாய்க்காலின் வெளிவாய் மூடியிருக்கும். முற்றத்தில் தண்ணீர் நிற்பதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். நீண்ட மூங்கில் குத்துக்கோலும் வாளித் தண்ணீரும் கொண்டு வாய்க்காலை ஒவ்வொரு திருப்பமாகச் சுத்தம் செய்யுங்கள். வெளிவாயை உயர்த்த முடியாவிட்டால் தோட்டத்தில் கசிவுக்குழி வெட்டித் திருப்புங்கள், பழைய கிணறு இருந்தால் வடிகட்டி வைத்து அதில் விடுங்கள்.

கூரையும் வாய்க்காலும் சரியான பிறகு சுவரைத் தொடாமல் ஒரு வெயில் காலம் காயவிட வேண்டும். "ஓதம் இறங்கட்டும், அப்புறம் கரணையை (பூச்சுக் கரண்டியை)த் தொடலாம்" என்று அனுபவமுள்ள கொத்தனார் சொல்வார். அவசரப்படுத்தாதீர்கள்.

சுண்ணாம்பு

ஏன் சுண்ணாம்பு, ஏன் சிமெண்ட் கூடாது? பழைய சுவர் மிருதுவான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. தரையிலிருந்து கொஞ்சம் ஈரம் எப்போதும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் பூச்சு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். அது கொண்டுவரும் உப்பு பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் பொரிந்து படியும். உப்பு பொரியும்போது விரிவதால் செங்கல்லின் முகம் மாவாக உதிரும். வெளியே சிமெண்ட் கெட்டியாக நிற்கும். தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்கும், ஒரு நாள் பாளமாகக் கழன்று விழும்போது கூடவே அரை அங்குலச் செங்கல்லையும் கொண்டுபோகும். முன்பு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் சிற்றுளியால் கையால் பெயருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்திலிருந்து தொடங்கினால் சுலபமாக வரும். இயந்திரச் சுத்தியல் சுவரை உலுக்கிப் பழைய சாந்தையும் இளக்கிவிடும்.

சுண்ணாம்பின் கணக்கு அழகானது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் தாளித்தால், அதாவது நீற்றினால், நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. அதாவது, சூளையில் கல் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. இந்தத் திரும்பப் பெறுதல் மெதுவானது, மாதம் ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்பது கைக்கணக்கு. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சுண்ணாம்பு வேலையில் வரும் தோல்விகள் பெரும்பாலும் இதை மறப்பதிலிருந்து வருகின்றன.

தாளிக்கும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும், ஆகவே கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். தாளித்ததைச் சல்லடையில் வடித்துத் தண்ணீர் மூடியபடி குறைந்தது மூன்று வாரம் ஊறவிடுங்கள்; மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. ஊறாத சுண்ணாம்பில் வேகாத துகள்கள் இருக்கும். பூசிய பிறகு அவை சுவரில் இருந்துகொண்டே வெந்து, பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். புதுப்பூச்சில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான்.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். மணல் கூர்முனையுள்ளதாக, மண் கலக்காததாக இருக்கட்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மேலே படியும் களிமண் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பழைய சாந்து எந்த விகிதத்தில் இருந்தது என்றும் கண்டுபிடிக்கலாம். ஒரு துண்டை உடைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெளிக்காற்றில் வைத்துப் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் மிஞ்சும். அதன் நிறமும் பருமனும் தெரிந்தால் அதே மாதிரி மணல் தேடலாம். சாந்தில் கிளிஞ்சல் துகள் கலந்திருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதால் முதலில் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கடுக்காயும் வெல்லமும். கொட்டை நீக்கி உடைத்த கடுக்காயை வெல்லத்தோடு தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டால் நுரைத்துப் புளிக்கும்; அந்தத் தண்ணீரை வடித்துச் சாந்து அரைக்கும்போது சேர்ப்பார்கள். சாந்து வழவழப்பாகக் கரணைக்கு வசப்படும், மெதுவாக இறுகும், மழையைக் கொஞ்சம் தாங்கும். எவ்வளவு சேர்ப்பது என்பது கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் அதிகமானால் இறுகாது, எறும்பும் வரும். ஆகவே பின்சுவரில் ஓரடிக்கு ஓரடி அளவில் மூன்று கலவைகளைப் பூசிப் பார்த்து, ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாதிரி பார்க்காமல் பெரிய சுவரைத் தொடக் கூடாது.

பூசும் முன் சுவரை நன்றாக நனையுங்கள். வறண்ட செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பூச்சு தூளாகிவிடும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் தடிமனாக வேண்டாம். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது விடுங்கள். இரண்டு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். உள்ளே இறுகிவிட்டதா என்று தெரிய, ஓரத்தில் சிறு துண்டைப் பெயர்த்துப் பினால்ப்தலீன் சொட்டு விடுங்கள்; பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் கிடைக்கும். இளஞ்சிவப்பாக மாறும் ஆழம் இன்னும் கல்லாகாத சுண்ணாம்பு, நிறம் மாறாதது கல்லானது.

செட்டிநாட்டுச் சுவரின் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு கடைசிப் பூச்சில் வருவது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, மெல்லிய படலமாகப் பூசி, வழவழப்பான கல்லால் விடாமல் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. பழைய மெருகு நல்லபடியாக இருக்கும் சுவரைப் "புதுசாக்கித் தருகிறேன்" என்று யார் வந்தாலும் தொட விடாதீர்கள். மிருதுவான ஈரத்துணியால் துடைத்தால் எண்பது வருட அழுக்குக்குக் கீழே அந்தப் பளபளப்பு அப்படியே இருக்கும். அந்தச் சுவரில் ஆணியடித்து அறிவிப்புப் பலகை மாட்டும் அன்று மனசு ஆறாது. பலகையைக் காலில் நிறுத்துங்கள்.

மெருகில்லாத சுவருக்கு அக்ரிலிக் பெயிண்ட் வேண்டாம். அது சிமெண்டின் வேலையையே செய்யும். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு நான்கு ஐந்து கை அடித்தால் போதும்.

மரம்

பர்மாத் தேக்கு எளிதில் கெடாது என்பது உண்மைதான், ஆனால் தேக்கும் நிரந்தர ஈரத்தில் உளுக்கும். உத்திரத்தின் நடுவை யாரும் சோதிக்கத் தேவையில்லை; அது சுவருக்குள் நுழையும் கடைசி ஓரடியைத்தான் சோதிக்க வேண்டும். மெல்லிய திருப்புளியை அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் நல்லது. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் முனை போய்விட்டது. ஈரமானி கிடைத்தால் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கும் மரத்தைப் பூஞ்சை அண்டாது.

முனை மட்டும் கெட்டிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இருபுறமும் முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை நல்ல மரம் வரை வெட்டி, சாய்வாகச் சீவிய இணைப்பில் புதுத் தேக்கைச் சேர்த்து மறையாணி போட்டு இறுக்கலாம். இணைப்பின் நீளம் உத்திரத்தின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். பொறியாளர் கணக்குப் போட்டால் பக்கவாட்டில் இரும்புப் பட்டையும் சேரும். திரும்பச் சுவருக்குள் வைக்கும்போது முனையைச் சுற்றி ஓரங்குல இடைவெளி விடுங்கள். சாந்தை அடைத்துக் கட்டினால் அந்த முனை மறுபடி உளுக்கும்.

பழைய தேக்கு வேண்டுமென்று பழம்பொருள் கடைக்குப் போவதற்கு முன் யோசியுங்கள். அங்கே கிடைக்கும் ஒவ்வொரு தூணும் வேறொரு வீட்டைக் கழற்றியதுதான். நாம் வாங்க வாங்க அடுத்த வீடு கழற்றப்படும். மறைவான இடத்துக்குப் புது மரம் போதும், பார்த்தால் புதிது என்று தெரிந்தாலும் தவறில்லை.

தரை

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. கண்ணாடி பட்ட முகம்தான் அந்த வழவழப்பு. அதனால் அமிலம் அதற்கு விஷம். கழிப்பறை கழுவும் திரவத்தை ஊற்றிய ஒரே நாளில் மெருகு அரித்துப்போய்க் கல் சொரசொரப்பாகிவிடும், திரும்ப வராது. மிதமான சோப்பும் தண்ணீரும் போதும்; எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணி. உடைந்த கல்லுக்கு ஆத்தங்குடியிலேயே அதே வடிவத்தில் செய்து வாங்கலாம். மாதிரிக்கு ஒரு முழுக்கல்லைக் கொண்டுபோங்கள், புகைப்படத்தில் நிறம் ஏமாற்றும்.

பொதுமக்கள் வரப்போகிறார்கள்

வீடு பொது இடமாகும்போது புதிதாகச் சேரவேண்டியவை நான்கு: கழிப்பறை, மின்சாரம், சாய்தளம், தீக்காப்பு.

கழிப்பறையை வீட்டுக்குள் கட்டாதீர்கள். குழாய் கசிந்தால் சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காரணம் தெரிவதற்குள் பட்டகசாலை வரை ஓதம் வந்திருக்கும். பின்தோட்டத்தில் தனிக் கட்டடமாகக் கட்டுங்கள். கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

மின்கம்பியைச் சுவரை வெட்டிப் புதைப்பது நம் ஊரில் பழக்கம். மெருகுச் சுவரில் அந்த வெட்டு ஆறாத புண். உத்திரத்தின் மேல்பக்கமும் சுவர் மூலையும் வழியாகக் குழாயில் வெளிப்படையாகக் கொண்டுபோங்கள். மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். பழைய துணி சுற்றிய கம்பி எங்காவது உயிரோடு இருந்தால் திறப்புவிழாவுக்கு முன் அதை முழுக்க அகற்றியாக வேண்டும்.

சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. தெருவிலிருந்து திண்ணை மூன்றடி உயரம் என்றால் 36 அடி நீளம் வேண்டும், நடுவில் ஒரு சமதளத் திட்டும் வேண்டும். முன்வாசலில் அதற்கு இடமும் இராது, திண்ணையின் அழகும் கெடும். ஆனால் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. பின்வாசல் பெரும்பாலும் தணிவாக இருக்கும். சாய்தளத்தை அங்கே, தோட்டத்து ஓரமாகக் கல் பாவி அமையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரைச் சமையல்கட்டு வழியே கொண்டுபோவது போல் தோன்றாதபடி, பின்வாசலையும் இன்னொரு முகப்பாக விளக்கும் பெயர்ப்பலகையும் வைத்து அலங்கரியுங்கள். உள்ளே நிலைப்படிகள் தடுக்கும். அவற்றை அறுக்காமல் இருபுறமும் கழற்றக்கூடிய மரச்சாய்வு வைத்தால் போதும்.

எதிரெதிரே இரண்டு வாசல் இருப்பது தீக்காப்புக்கும் வரம். கூட்டம் நடக்கும் நேரம் முழுவதும் இரண்டும் திறந்திருக்க வேண்டும். பழைய கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. நெரிசலில் அது ஆபத்து. கதவை மாற்றி மாட்டாமல், நிகழ்ச்சி முடியும்வரை கொக்கி போட்டுத் திறந்தே வையுங்கள். மேலே முழுக்க மரம் என்பதால் வளவுக்குள் அடுப்போ பந்தத் தீயோ கூடாது.

திறந்த பிறகு

பொங்கல் முடிந்ததும் சுவர்களில் போட்ட பென்சில் கோடுகளைப் பார்த்து ஓதம் ஏறியதா இறங்கியதா என்று எழுதுங்கள். பங்குனி சித்திரையில் சுண்ணாம்பு அடியுங்கள். ஆடியில் மரத்தையெல்லாம் தட்டிப் பார்த்து, கரையான் மண்கோடு தென்பட்டால் தொடர்ந்து போய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புரட்டாசிக்குள் ஒருவர் கூரையில் ஏறி நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, தூம்பு வாயில் கிடக்கும் சருகை அள்ள வேண்டும். பழக்கமான இரண்டு ஆட்களுக்கு அது அரை நாள் வேலை. அந்த இருவர் பெயரும் கூலியும் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் முதல் வரியாக இருக்கட்டும். மற்றச் செலவெல்லாம் அதற்குக் கீழே.